கிரீன் டே விலைபோனதா?

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: "கிரீன் டே என்ற அமெரிக்க பாப் பங்க் இசைக்குழு 1990-களில் பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டதும் பங்க் ரசிகர்கள் அவர்களை விலைபோனவர்கள் என்று ஒதுக்கிவைத்தார்களாம். அது நியாயமான குற்றச்சாட்டா? அப்படியென்றால் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள்?"

பங்க் என்பது பெரிய நிறுவனங்களை நம்பாமல் இளையோர் தாங்களே இசைத்த, வேகமும் ஆத்திரமும் கொண்ட ராக் இசை வகை. இனிமையான மெட்டுகளோடு வரும் அதன் கிளைதான் பாப் பங்க். கிரீன் டேயின் இசை விலைபோகவில்லை என்பதே என் பதில். அதைப் பதிவுகளைக் கேட்டே எவரும் சரிபார்க்கலாம். எப்படி என்று கீழே சொல்கிறேன். ஆனால் அந்த ஒப்பந்தத்தால் அவர்கள் உண்மையாகவே ஒன்றை இழந்தார்கள். அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று புரிந்துகொள்ளாமல் குற்றச்சாட்டின் காரத்தையும் புரிந்துகொள்ள முடியாது. எனவே அவர்கள் வளர்ந்த ஊரிலிருந்து தொடங்குகிறேன்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டி ரோடியோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. பாடகரும் கிட்டார் கலைஞருமான பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் வளர்ந்தது அங்கேதான். லாரி ஓட்டிப் பிழைத்துக்கொண்டே ஜாஸ் இசையில் டிரம்ஸ் வாசித்த அவருடைய அப்பா 1982 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்தபோது மகனுக்கு வயது 10. உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்து வீட்டை நடத்திய அம்மா வாங்கிக்கொடுத்த நீல நிற எலெக்ட்ரிக் கிட்டார்தான் பின்னாளில் உலகம் முழுவதும் மேடைகளில் தென்பட்டது. ஸ்டிக்கர்கள் ஒட்டி ஒட்டி அதன் நீலமே மறைந்துபோயிருக்கும். அந்தப் பத்து வயதிலேயே பள்ளியில் நண்பரானவர் பேஸ் கிட்டார் வாசிக்கும் மைக் டிர்ன்ட். அவருடைய உண்மையான குடும்பப் பெயர் பிரிச்சர்ட். பள்ளியில் வெறுங்கையால் பேஸ் வாசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டு வாயால் "டிர்ன்ட் டிர்ன்ட்" என்று ஒலியெழுப்பியதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்த வீட்டில் நிம்மதியில்லாத அவர், பதின்வயதிலேயே ஆம்ஸ்ட்ராங் வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். இந்தக் குழு ஏன் உடையவில்லை என்று பிறகு பார்க்கும்போது இந்த விவரம் உதவும்.

"ஸ்வீட் சில்ட்ரன்" என்ற பெயரில் அவர்கள் முதன்முதலாக வாசித்தது 1987-இல், வல்லேஹோ நகரில் ஆம்ஸ்ட்ராங்கின் அம்மா வேலை பார்த்த அதே உணவகத்தில். ஆனால் அவர்களை உருவாக்கிய இடம் பெர்க்லி நகரின் கில்மன் தெருவில், 924 என்ற கதவிலக்கத்தில் இருக்கும் ஒரு பழைய கிடங்கு.

1986-ஆம் ஆண்டின் கடைசி நாளில் திறக்கப்பட்ட அந்த அரங்கைத் தொண்டர்களே நடத்தினார்கள். இன்றும் அப்படித்தான் நடக்கிறது. அங்கே மது கிடையாது. அதனால் பதினைந்து வயதுப் பையனும் பெண்ணும்கூட உள்ளே வரலாம். அமெரிக்காவில் மது விற்கும் விடுதிகளில்தான் பெரும்பாலான சிறு குழுக்கள் வாசிக்கும் என்பதால், இது சாதாரணச் சலுகை அல்ல. போதைப்பொருள், அடிதடி, இனவெறி, பெண்ணிழிவு, தன்பாலீர்ப்பாளர் மீதான வெறுப்பு எதற்கும் அங்கே இடமில்லை என்பதை வாசலிலேயே எழுதிவைத்திருந்தார்கள். அக்காலத்தில் பங்க் நிகழ்ச்சிகளுக்குள் புகுந்து அடித்து நொறுக்கிய மொட்டைத்தலைக் கும்பல்களிடமிருந்து தப்பி, இளையோர் தாங்களே கட்டிக்கொண்ட ஒரு கூடு அது. அரங்கைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான டிம் யோஹானன் "மேக்சிமம் ராக் அன் ரோல்" என்ற பங்க் இதழையும் நடத்தினார். பெரிய இசை நிறுவனங்கள் நுழைந்தால் இந்தக் கூடு கலைந்துவிடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்த குழுக்கள் கில்மனில் வாசிக்கக்கூடாது என்ற விதி அந்த நம்பிக்கையின் வெளிப்பாடுதான். என்னைக் கேட்டால், அந்த விதியை வெறும் பொறாமை என்று ஒதுக்குவது தவறு. வெளியுலகத்தின் பணம் வந்தபோதெல்லாம் இப்படிப்பட்ட சிறு இசைச் சமூகங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

அந்த அரங்குக்கு இந்தப் பையன்களின் பாட்டுகள் முதலில் கொஞ்சம் இனிப்பாகவே பட்டன. கில்மனின் தொடக்ககாலக் குழு ஒன்றில் வாசித்து அங்கே எல்லோருக்கும் தெரிந்தவராக இருந்த ஜான் கிஃப்மேயர் இவர்களுக்கு டிரம்ஸ் வாசிக்க வந்தது கதவு திறக்க உதவியது. லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திய லாரி லிவர்மோர் இவர்களை முதலில் கேட்டதோ ஒரு மலைப்பகுதி வீட்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில பிள்ளைகளுக்கு முன்னால். அந்த நாலைந்து பேருக்கே ஒரு விளையாட்டரங்கம் நிறைந்த கூட்டத்துக்கு வாசிப்பதுபோல் வாசித்தார்கள் என்பதால்தான் தாம் அவர்களைப் பதிவுசெய்ய முடிவெடுத்ததாக அவர் பின்னர் எழுதியிருக்கிறார். 1989-இல் முதல் சிறு தட்டு வெளிவரவிருந்த வேளையில், ஏறக்குறைய அதே பெயரில் அந்த வட்டாரத்தில் இன்னொரு குழு இருந்ததால், பெயரை "கிரீன் டே" என்று மாற்றிக்கொண்டார்கள். 1990 பிப்ரவரியில், தன் 18-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், ஆம்ஸ்ட்ராங் பள்ளிப்படிப்பை நிறுத்தினார். அந்த ஆண்டே முழு ஆல்பம் ஒன்று வந்தது. கிஃப்மேயர் கல்லூரிக்குப் போய்விட, லிவர்மோரின் சொந்தக் குழுவில் 12 வயதிலேயே டிரம்ஸ் வாசித்திருந்த ட்ரே கூல் வந்து சேர்ந்தார். அவருடைய அப்பா ஒரு பழைய நடமாடும் நூலக வண்டியை வாங்கிச் சீரமைத்து, தாமே ஓட்டுநராக அமர்ந்து இவர்களை ஊர் ஊராக அழைத்துப்போனார். புத்தகம் சுமந்த வண்டியில் ஒலிபெருக்கிகளோடு மூன்று இளைஞர்கள் தேசம் சுற்றிய அந்த ஆண்டுகளின் விளைவுதான் 1991 இறுதியில் வெளிவந்த "கர்ப்ளங்க்" ஆல்பம்.

அந்த ஆல்பம் சிறு நிறுவனம் ஒன்று சமாளிக்கக்கூடிய அளவைத் தாண்டி விற்றது. நிகழ்ச்சிகளுக்கு வந்த கூட்டமும் சின்ன அரங்குகளில் அடங்கவில்லை. 1993-இல் அவர்கள் வார்னர் குழுமத்தைச் சேர்ந்த ரிப்ரைஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். அதற்கு ஒரு முக்கியக் காரணம் தயாரிப்பாளர் ராப் கவல்லோ: அவர் தாமே கிட்டார் வாசிப்பவர், பாட்டின் நுணுக்கம் தெரிந்தவர் என்பதால் அவர்மீது நம்பிக்கை பிறந்தது. கையெழுத்திட்டதும் கில்மனின் விதி அவர்கள்மீதும் பாய்ந்தது. தங்களுக்கு இசை கற்பித்த இடத்தில், இருபத்தோரு வயதில், இனி வாசிக்க முடியாது என்று ஆனது. அரங்கின் சுவர்களில் ஆம்ஸ்ட்ராங்கைத் திட்டி எழுதினார்கள்.

இப்போது இசைக்கு வருவோம். "வெல்கம் டு பாரடைஸ்" என்ற பாட்டு 1991-ஆம் ஆண்டு "கர்ப்ளங்க்" ஆல்பத்திலும் இருக்கிறது, 1994 பிப்ரவரி 1 அன்று ரிப்ரைஸ் வெளியிட்ட "டூக்கி" ஆல்பத்திலும் இருக்கிறது. ஒரே பாட்டு, ஒரே மூன்று பேர், இடையில் அந்தச் சர்ச்சைக்குரிய ஒப்பந்தம். விலைபோனார்களா என்று சோதிக்க இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. வீட்டைவிட்டு வெளியேறி ஓக்லாந்தின் பாழடைந்த பகுதியில் ஒரு கிடங்கில் குடியேறிய ஆம்ஸ்ட்ராங், அம்மாவுக்குக் கடிதம் எழுதும் தொனியில் அமைத்த பாட்டு அது. முதல் சரணத்தில் வீட்டைவிட்டு மூன்று வாரம் ஆகியிருக்கிறது, பயமும் புலம்பலும்தான் மிச்சம். இரண்டாம் சரணத்தில் ஆறு மாதம் கடந்துவிட, அதே உடைந்த தெருக்கள் சொந்த ஊராகிவிட்டன. இரண்டு பதிவுகளையும் ஹெட்ஃபோனில் அடுத்தடுத்துப் பலமுறை கேட்டிருக்கிறேன். வரிகள் மாறவில்லை, சுரங்கள் மாறவில்லை, கட்டமைப்பு மாறவில்லை. பாட்டின் நடுவே கிட்டாரும் பேஸும் இறங்குமுகமாக முறுக்கிக்கொண்டு இருளடையும் அந்த நீண்ட இடையிசையைக்கூட, வானொலிக்காகச் சுருக்காமல், அப்படியே வைத்திருக்கிறார்கள். மாறியிருப்பது ஒலிப்பதிவின் தரம் மட்டுமே: பழைய பதிவில் தகரக்கொட்டகைக்குள் கேட்பதுபோல் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் கருவிகள், புதியதில் தனித்தனியே நின்று அறைகின்றன. பங்க் ரசிகர்கள் எந்த இனிமையைக் காசுக்காகச் சேர்த்தது என்று குற்றம் சாட்டினார்களோ, அது கில்மனில் அவர்களே கைதட்டிக் கேட்ட இனிமைதான்.

"டூக்கி" பெர்க்லியிலேயே, சுமார் மூன்று வாரங்களில் பதிவானது. அதன் அட்டைப்படத்தை வரைந்தவரும் அந்த வட்டாரத்து பங்க் ஓவியர் ரிச்சி பூக்கர். வெடிகுண்டுகள் விழும் அந்தத் தெரு பெர்க்லியின் டெலிகிராஃப் அவென்யூ. "லாங்வியூ" பாட்டில் வேலைவெட்டி இல்லாமல் சோபாவில் புதைந்து கிடப்பவனின் சலிப்பை முதலில் சொல்வது டிர்ன்டின் பேஸ்தான். சோம்பலாக ஊஞ்சலாடும் அந்தச் சுரவரிசையின்மேல் குரல் முணுமுணுத்துக்கொண்டிருக்க, பல்லவியில் கிட்டார் திடீரென வெடிக்கும்போது அந்தச் சலிப்பு ஆத்திரமாகிறது. "பாஸ்கெட் கேஸ்" ஆம்ஸ்ட்ராங் சிறுவயது முதல் அனுபவித்த பீதி நோயைப் பற்றியது. முதல் சரணம் முழுவதும் உள்ளங்கையால் தந்திகளைப் பொத்தி வாசிக்கும் கிட்டாரும் குரலும் மட்டுமே, மூச்சு முட்டுவதுபோல, ஓடுகின்றன. மற்றக் கருவிகள் பிறகே சேர்கின்றன. பாட்டைத் தாங்கும் சுரக்கோப்பு, ஐரோப்பியத் திருமணங்களில் இன்றும் ஒலிக்கும் பாஹெல்பெலின் "கேனன்" என்ற பழைய இசையின் கோப்புக்கு மிக நெருக்கமானது. மனநோயைப் பற்றி வாய்திறக்க வெட்கப்பட்ட காலத்தில், தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று ஒருவன் இவ்வளவு இனிமையான மெட்டில் கேட்டதை, அதே பயத்தோடு தனியே இருந்த பல லட்சம் இளையோர் தங்கள் குரலாக எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. அமெரிக்காவில் மட்டும் 1 கோடிப் பிரதிகளைத் தாண்டியதற்கான வைரச் சான்றும், 1995-இல் கிராமி விருதும் அந்த ஆல்பத்துக்குக் கிடைத்தன.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, புகழின் உச்சியில் அவர்கள் யாரை உடன் அழைத்துச் சென்றார்கள் என்பது. 1994-ஆம் ஆண்டுப் பயணத்தில் தங்களுக்கு முன்னால் வாசிக்க அவர்கள் தேர்ந்தெடுத்தது "பேன்சி டிவிஷன்" என்ற குழுவை. தன்பாலீர்ப்பாளர்களே தங்கள் காதலைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பாடிய பங்க் குழு அது. பதின்வயது ஆண்பிள்ளைகள் நிரம்பிய பெரிய அரங்குகளில் கூச்சல் எழுந்து, கையில் கிடைத்தவையெல்லாம் மேடைமீது எறியப்பட்டபோதும், அவர்கள் அந்தக் குழுவை விட்டுக்கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு ஆம்ஸ்ட்ராங் தாமும் இருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். கில்மனின் வாசலில் எழுதியிருந்ததைக் கில்மனுக்கு வெளியே கொண்டுபோனவர்கள் இவர்களே என்று நான் துணிந்து சொல்வேன்.

1994 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் நடந்த உட்ஸ்டாக் விழாவில் மழையும் சேறுமாக இருக்க, கூட்டம் மேடைமீது சேற்றை எறிய, ஆம்ஸ்ட்ராங் அதைத் திருப்பி எறிய, கடைசியில் மேடையேறிய ரசிகன் என்று நினைத்துக் காவலர் ஒருவர் டிர்ன்டையே பாய்ந்து வீழ்த்தினார். அவருடைய பல் உடைந்தது. அடுத்த மாதம் பாஸ்டனில் இலவச நிகழ்ச்சிக்கு எதிர்பாராத பெருங்கூட்டம் வந்து, சில பாட்டுகளோடு நிறுத்த வேண்டியதாகிக் கலவரத்தில் முடிந்தது.

1995-இல் வந்த "இன்சாம்னியாக்" இருண்ட, கடுகடுப்பான ஆல்பம். அதில் "86" என்றொரு பாட்டு உண்டு. அமெரிக்க உணவக வழக்கில் ஒருவரை "எய்ட்டி சிக்ஸ்" செய்வதென்றால் இனி உள்ளே விடாதே என்று பொருள். கில்மனுக்குத் திரும்பிப் போனவனிடம் உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கும் குரல் அந்தப் பாட்டில் ஒலிக்கிறது. பல லட்சம் பிரதிகள் விற்றுக்கொண்டிருந்த ஒருவர், சொற்பக் கட்டணத்தில் உறுப்பினராகக்கூடிய ஒரு கிடங்கின் கதவை எண்ணி எழுதிய பாட்டு இது என்பதை நினைக்கையில், இழப்பின் அளவு விளங்கும். அடுத்த ஆண்டு களைப்பு தாளாமல் ஐரோப்பியப் பயணத்தை ரத்துசெய்தார்கள்.

1997-இல் "நிம்ராட்" வந்தது. அதில்தான் "குட் ரிடன்ஸ்" என்ற, வெறும் அக்கூஸ்டிக் கிட்டாரும் வயலின் வகைக் கருவிகளும் மட்டும் ஒலிக்கும் பாட்டு. பதிவின் தொடக்கத்தை ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள்: ஆம்ஸ்ட்ராங் முதல் சுரங்களை இரண்டுமுறை தப்பாக வாசித்து நிறுத்துகிறார், வாய்க்குள் ஒரு வசைச்சொல்லை முணுமுணுக்கிறார், மூன்றாம் முறை சரியாகத் தொடங்குகிறார். அந்தப் பிசகை வெட்டியெறியாமல் வைத்தது சரியான முடிவு. ஊரைவிட்டுப் போன காதலியின்மீது கோபத்தில் எழுதிய பாட்டு, பள்ளிப் பிரிவுபசார விழாக்களின் பாட்டாக மாறியது அவர்களே எதிர்பாராதது. 2000-ஆம் ஆண்டின் "வார்னிங்" மென்மையான, கருத்தூன்றிய ஆல்பம். நான் மிகவும் மதிக்கும் ஒன்று. ஆனால் விற்பனை குறைந்தது. அதற்குள் அவர்களைக் கேட்டு வளர்ந்த பிளிங்க்-182 போன்ற குழுக்கள் முன்னே போயிருந்தன.

2003-இல் அடுத்த ஆல்பத்துக்காகப் பதிவுசெய்திருந்த நாடாக்கள் திருடுபோயின என்று அறிவித்தார்கள். அதையே மறுபடி பதிவுசெய்யலாமா என்று யோசித்தபோது, அதுதான் உங்களால் முடிந்த மிகச் சிறந்த வேலையா என்று கவல்லோ கேட்டார். இல்லை என்று ஒப்புக்கொண்டு புதிதாகத் தொடங்கினார்கள். ஒருநாள் ஓக்லாந்து ஸ்டூடியோவில் தனியே இருந்த டிர்ன்ட், முப்பது விநாடிக்கு ஒரு குட்டிப் பாட்டை விளையாட்டாகப் பதிந்துவைத்தார். ஆம்ஸ்ட்ராங் அதன் வாலில் தன் முப்பது விநாடியைக் கோத்தார், ட்ரே கூல் தன்னுடையதைச் சேர்த்தார். அந்தச் சரம் ஒன்பது நிமிடத்தைத் தாண்டும் "ஹோம்கமிங்" ஆகியது. ஒரே கதையைச் சொல்லும் ஆல்பம் என்ற எண்ணமும் அதிலிருந்தே வலுப்பெற்றது. 2004 செப்டம்பரில் வந்த "அமெரிக்கன் இடியட்", ஈராக் போர்க்காலத்தில், தொலைக்காட்சியின் பயமுறுத்தலுக்கு நடுவே, புறநகர் ஒன்றிலிருந்து வெளியேறி நகரத்தில் தொலைந்துபோகும் இளைஞனின் கதை. அவனை அறிமுகப்படுத்தும் "ஜீசஸ் ஆஃப் சபர்பியா" ஐந்து பகுதிகள் கொண்டது. அமெரிக்கப் பட்டியலில் அவர்களுக்கு முதலிடம் கிடைத்த முதல் ஆல்பம் இதுதான். அங்கே 60 லட்சம் பிரதிகளுக்குரிய சான்று பெற்றது. சிறந்த ராக் ஆல்பத்துக்கான கிராமியும், "புல்வார்ட் ஆஃப் புரோக்கன் ட்ரீம்ஸ்" பாட்டுக்கு 2006-இல் ஆண்டின் சிறந்த பதிவு என்ற கிராமியும் வந்தன. போருக்கும் அரசியலுக்கும் நடுவே, 1982 செப்டம்பரில் இறந்த அப்பாவுக்காக ஆம்ஸ்ட்ராங் எழுதிய "வேக் மீ அப் வென் செப்டம்பர் எண்ட்ஸ்" என்ற பாட்டும் அதே ஆல்பத்தில் இருக்கிறது. 2010-இல் அந்த ஆல்பம் நியூயார்க்கின் பிராட்வே மேடையில் இசைநாடகமாக ஓராண்டு நடந்தது.

இதற்கிடையே, "டூக்கி" வென்ற பிறகும் முதல் இரண்டு ஆல்பங்களை அவர்கள் லுக்அவுட்டிடமே விட்டுவைத்திருந்தார்கள் என்பதையும், அந்த விற்பனைதான் அந்தச் சிறு நிறுவனத்தைப் பல ஆண்டுகள் தாங்கியது என்பதையும் குற்றம் சாட்டுபவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. 2005-இல், உரிமத்தொகை பல காலம் வராமல் போனபிறகே, அவற்றைத் திரும்பப் பெற்றார்கள்.

அதன்பிறகான ஆண்டுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2009-இன் "ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி பிரேக்டவுன்" கிராமி வென்றது. ஆனால் முந்தையதன் நிழலில் நிற்கிறது. 2012-இல் மூன்று மாதங்களுக்குள் மூன்று ஆல்பங்களை வெளியிட்டது ஒரே நல்ல ஆல்பத்தை மூன்றாக நீர்த்ததற்குச் சமம். அந்த ஆண்டு செப்டம்பரில் லாஸ் வேகாஸ் மேடையில், நேரம் முடிகிறது என்ற அறிவிப்பைக் கண்டு ஆம்ஸ்ட்ராங் கொதித்துக் கிட்டாரை உடைத்தார். உடனே மதுவுக்கும் மாத்திரைகளுக்கும் அடிமையானதற்குச் சிகிச்சை பெறப் போனார். 2016-இன் "ரெவல்யூஷன் ரேடியோ" நிதானம் திரும்பியதைக் காட்டியது, 2020-இன் ஆல்பம் என்னைக் கவரவில்லை, கவல்லோ மீண்டும் வந்துசேர்ந்த 2024-இன் "சேவியர்ஸ்" மனநிறைவளித்தது. அந்த ஆண்டுப் பயணத்தில் "டூக்கி", "அமெரிக்கன் இடியட்" இரண்டையும் முழுமையாக வாசித்தார்கள்.

எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்ற கேள்விக்கு என் விடை ஆல்பங்களின் பின்னட்டையில் இருக்கிறது. வரிகளுக்கு ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் இருக்கும். இசைக்கோ, மெட்டை யார் கொண்டுவந்திருந்தாலும், "கிரீன் டே" என்று குழுவின் பெயரே இருக்கும். எத்தனையோ குழுக்கள் உடைந்தது பாட்டின் உரிமைப் பணத்தைப் பங்கிடும் சண்டையில்தான். பத்து வயதில் நண்பர்களாகி ஒரே வீட்டில் வளர்ந்த இருவரும் 1990-இல் சேர்ந்த மூன்றாமவரும், அந்தச் சண்டைக்கே இடம் வைக்கவில்லை. ஒருவர் சிகிச்சைக்குப் போனபோது மற்ற இருவரும் வேறொருவரை நிறுத்திப் பாடவைக்காமல் நிகழ்ச்சிகளை ரத்துசெய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

2015 ஏப்ரலில், தகுதிபெற்ற முதல் ஆண்டிலேயே, ராக் அன் ரோல் புகழரங்கத்தில் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள். ஓக்லாந்தில் ஏற்பட்ட தீவிபத்தில் பாதிக்கப்பட்ட ஒரு சிறு பதிப்பகத்துக்கும் அச்சகத்துக்கும் நிதி திரட்ட, அடுத்த மாதம் ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதற்காக மே 17 அன்று, 22 ஆண்டுகளுக்குப் பிறகு, கில்மன் தெரு 924-ஆம் எண் கட்டடத்தின் அந்தச் சிறிய மேடையில் மூவரும் ஏறி வாசித்தார்கள்.